நமுத்துப்போகாத பலகாரம்: வாசகர் கேள்வி – பதில்

கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று அடுத்தடுத்து வரும் நாள்களுக்கு வீட்டிலேயே பலகாரம் செய்து கொடுப்பது பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள். பல கடிதங்களில் ஒரே புகார்தான்: 'கொடுத்த மறுநாளே நமுத்துவிட்டது.' கடற்கரை ஊர், வடகிழக்குப் பருவமழை, வெயில் இல்லாத மார்கழி. ஈரத்தைக் கணக்கில் எடுக்காமல் இங்கே எந்தப் பலகாரமும் நிற்காது.

பன்னிரண்டு வீட்டுக்குக் கொடுக்க வேண்டும், கையில் பணம் குறைவு. எது கட்டுப்படியாகும்?
– வாசகி, மஞ்சக்குப்பம்

கலகலா என்ற, மைதாவில் சுருட்டிப் பொரிக்கும் இனிப்பு. ஒரு கிலோ மைதாவில் ஏறக்குறைய 1,400 கிராம் வரும். பொட்டலத்துக்கு 110 கிராம் வைத்தால் பன்னிரண்டு வீட்டுக்கும் போய், உருட்ட உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

மைதா 1 கிலோ, பொடித்த சர்க்கரை 250 கிராம், உப்பு அரை டீஸ்பூன், உருக்கிச் சூடாக ஊற்ற வெண்ணெய் 75 கிராம், ஒரு பெரிய தேங்காயின் கெட்டிப்பால். முதலில் மாவில் சூடான வெண்ணெயை ஊற்றிப் பிசறுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும். அதன் பிறகு சர்க்கரை, உப்பு. கடைசியில் தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக. 300 மில்லிக்கு மேல் தேவைப்படாது, ஏனென்றால் சர்க்கரையும் கரைந்து மாவை இளக்கும். முதலிலேயே மொத்தப் பாலையும் ஊற்றிவிட்டு, இளகிய மாவுக்கு மேலும் மைதா போட்டுச் சமாளிப்பவர்களுக்குத்தான் கலகலா கல்லாகிறது. பிசைந்த மாவை ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வைத்து, கோலிக்குண்டு அளவு உருண்டையை முள்கரண்டியின் முதுகிலோ புதுச் சீப்பிலோ அழுத்திச் சுருட்டுங்கள்.

கெட்டுப்போவது பொரிக்கும் இடத்தில்தான். எண்ணெய் புகையக் காய்ந்திருந்தால் வெளியே சிவந்துவிடும், உள்ளே மாவு ஈரமாகவே இருக்கும். அந்த ஈரம் ராத்திரியில் மெல்ல மேலே வரும். காலையில் கலகலா மெத்தென்று இருக்கும். ஒரு துண்டைப் போட்டால் அடியில் ஒரு நொடி தங்கி மெதுவாக எழும்ப வேண்டும், அதுதான் சூடு. ஓர் ஈடு வேக ஆறு, ஏழு நிமிடம் பிடிக்கும். எண்ணெயில் பிரிந்து கரைகிறதென்றால் சர்க்கரை கூடிவிட்டது; ஒரு கைப்பிடி மைதா சேர்த்து மறுபடி பிசைந்தால் சரியாகும். சோடா உப்பு வேண்டவே வேண்டாம், எண்ணெய் குடிக்கும். பொரித்த பிறகு சர்க்கரைப் பாகில் புரட்டுவது பார்க்க அழகுதான், ஆனால் மழை நாளில் பாகு கசிந்து பொட்டலமே பிசுபிசுக்கும். இனிப்பு மாவுக்குள்ளேயே இருக்கட்டும்.

புதுச்சேரி விவிகம் கேக் செய்கிறேன். ரவை நறநறவென்று இருக்கிறது, திராட்சை எல்லாம் அடியில் போய்விடுகிறது. ரம் இல்லாமல் செய்யலாமா?
– வாசகி, நெல்லித்தோப்பு

நறநறப்புக்குக் காரணம் அவசரம். ரவைக்கு ஈரம் குடிக்க நேரம் வேண்டும். மெல்லிய ரவை 250 கிராமை நிறம் மாறாமல் வாசனை வரும்வரை வறுத்து ஆறவிடுங்கள். வெண்ணெய் 250 கிராம், சர்க்கரை 250 கிராம் இரண்டையும் வெளுக்கக் குழைத்து, ஆறு முட்டையின் மஞ்சள் கருவை ஒவ்வொன்றாகச் சேர்த்து, பிறகு ரவையைக் கலந்து மூடி, மூன்று மணி நேரம் விடுங்கள். மழைக்குளிரில் வெண்ணெய் இறுகிவிட்டால், கிண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணீரின் மேல் சிறிது நேரம் வைத்தெடுத்தால் போதும். அடுப்பை மூட்டும் நேரத்தில் வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடரோடு மெதுவாகச் சேர்க்க வேண்டும். இதை முன்பே சேர்த்து ஊறவிட்டால் நுரை அடங்கிக் கேக் தட்டையாகிவிடும்.

திராட்சை 100 கிராம், நொறுக்கிய முந்திரி 100 கிராம், ஆரஞ்சுத் தோல் 50 கிராம், துருவிய ஜாதிக்காய் இரண்டு சிட்டிகை. திராட்சையை மூன்று மேசைக்கரண்டி ரம்மில் முந்தின நாளே ஊறப்போட்டு, வடித்து, துணியில் ஒற்றி, ஒரு ஸ்பூன் மைதாவில் புரட்டிச் சேருங்கள். ஈரத்தோடு போட்ட திராட்சை வழுக்கிக்கொண்டு அடிக்குத்தான் போகும். வடித்த ரம் கேக் வெந்த பிறகு மேலே தெளிக்க ஆகும்.

ஓவனில் 160 டிகிரி, எட்டு அங்குலத் தட்டில் 50 முதல் 60 நிமிடம். குக்கரில் என்றால் அடியில் மணல், அதன் மேல் தாங்கி. ரப்பர் வளையம், வெயிட் இரண்டும் வேண்டாம். சின்னத் தீயில் அதே ஒரு மணி நேரம். முக்கால் மணி ஆவதற்குள் திறந்து பார்க்காதீர்கள், நடுவில் குழி விழும். மொத்தம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஒரே கேக்காகச் சுட்டு வெட்டிக் கொடுப்பதைவிடச் சின்ன அச்சுகளில் ஆறாகச் சுடுங்கள். வெட்டிய பக்கம்தான் முதலில் காயும், முதலில் பூசணமும் பிடிக்கும். சின்ன அச்சுக்கு 30, 35 நிமிடம் போதும்.

ரம் இல்லாமலும் நன்றாகவே வரும். ஆரஞ்சுச் சாறில் ஊறவையுங்கள். அப்படிச் செய்த கேக்கை நான்கைந்து நாளில் தீர்த்துவிட வேண்டும். ரம் போட்டது பத்து நாள் தாங்கும். ரம் சேர்த்திருந்தால் பொட்டலத்தின் மேல் எழுதிவிடுங்கள். மது தொடாத வீடுகளும் பிள்ளைகள் உள்ள வீடுகளும் தெரிந்து வாங்கட்டும். கடலூர்க்காரர்களுக்கு ஒன்று: கேக்கோடு சோதனைச் சாவடியைத் தாண்டலாம், புதுச்சேரி பாட்டிலோடு வேண்டாம்.

ஆரஞ்சுத் தோலைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. கமலா ஆரஞ்சு சல்லிசாகக் கிடைக்கும் நாள்கள் இவை. ஆறு பழத்தின் தோலை மெல்லிய கீற்றாக நறுக்கி, பத்து நிமிடம் கொதிக்கவிட்டுத் தண்ணீரைக் கொட்டுங்கள். இதை மூன்று முறை செய்தால் கசப்பு போகும். பிறகு தோலின் எடைக்குச் சமமான சர்க்கரை, அதில் பாதித் தண்ணீர், சின்னத் தீ. பாகு தோலில் ஒட்டும் அளவுக்கு வற்றியதும் எடுத்து, மின்விசிறியின் கீழே ஒரு நாள் பரப்பி வையுங்கள்.

பண்ருட்டியில் உடைந்த முந்திரி மலிவாகக் கிடைத்தது. முந்திரி கேக் ஒரு தடவை பொலபொலவென்று உதிர்ந்தது, அடுத்த தடவை இழுவையாக வந்தது.
– வாசகி, நெய்வேலி

வாங்கியது நல்ல யோசனை. முழுப்பருப்பு, பாதிப்பருப்பு, துண்டு, குருணை என்று உடைய உடைய விலை இறங்கும்; ருசி இறங்காது. அரைக்கப் போகிற பருப்புக்கு முழுசு எதற்கு? ஆனால் குருணையை முகர்ந்து பார்த்து வாங்குங்கள். உடைந்த பருப்பில் காற்றுப் படும் பரப்பு அதிகம், சிக்கு வாடை சீக்கிரம் வரும். அந்த வாடையை ஏலக்காய் மறைக்காது.

உதிர்ந்ததும் இழுத்ததும் பாகினால். முந்திரி 500 கிராமுக்குச் சர்க்கரை 300 கிராம், தண்ணீர் 150 மில்லி. ஒற்றைக்கம்பிப் பதம் வந்ததும் பொடியைக் கொட்ட வேண்டும். இரண்டு கம்பிக்குப் போய்விட்டால் உதிரும். கம்பி வராமலே கொட்டினால் இழுக்கும். பொடி போட்ட பிறகு சின்னத் தீயில் கிளறி, ஒரு சிட்டிகை எடுத்து உருட்டினால் விரலில் ஒட்டாத நிலையில் இறக்குங்கள். சூடு பொறுக்கும்போதே நெய் தொட்டுப் பிசைந்து, கால் அங்குலக் கனத்துக்குத் தேய்த்து வெட்டலாம்.

அரைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மிக்சியை ஓடவிட்டால் சூட்டில் எண்ணெய் விட்டுப் பருப்பு விழுதாகும். விட்டு விட்டு, மூன்று நொடி, நான்கு நொடி ஓட்டிச் சலியுங்கள். உதிர்ந்துபோனதைக் காப்பாற்ற, இரண்டு ஸ்பூன் சூடான பால் தெளித்து அடுப்பில் வைத்துக் கிளறலாம். ஆனால் பால் பட்டது மூன்று நாளுக்கு மேல் தாங்காது, அதை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இழுவையானதை மறுபடி அடுப்பில் ஏற்றினாலே போதும்.

செலவு குறையப் பாதி வேர்க்கடலை சேர்ப்பவர்கள் உண்டு. தவறில்லை. ஆனால் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். கடலை ஒவ்வாத உடம்பு இருக்கிறது, அது விளையாட்டல்ல.

கடலை உருண்டை மறுநாளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது.
– வாசகர், விருத்தாசலம்

பாகு முற்றவில்லை. வறுத்துத் தோல் நீக்கிய கடலை 500 கிராமுக்கு வெல்லம் 300 கிராம், கால் டம்ளர் தண்ணீர். கரைந்ததும் வடிகட்டிக் காய்ச்சி, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டித் தட்டில் போட்டால் 'ணங்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்று விழுந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. வெல்லம் இயல்பிலேயே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் சரியான பாகுகூட இரண்டு மணி நேரம் திறந்து கிடந்தால் பிசுபிசுக்கும். கை பொறுக்கும் சூட்டில் உருட்டி, ஆறிய உடனே டப்பாவில் அடையுங்கள். ராத்திரி முழுக்கத் தட்டில் விடாதீர்கள்.

சர்க்கரை நோய் உள்ள பெரியவருக்கு என்ன கொடுக்கலாம்? வெங்காய வடகம் செய்து தரலாமா?
– வாசகி, வில்லியனூர்

வடகம் சித்திரை, வைகாசி வேலை. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் எல்லாம் இடித்து உருட்டியது உள்வரை காய நாள்கணக்கில் கடும் வெயில் வேண்டும். மார்கழியில் போட்டால் நடுவில் பூசணம் பூக்கும்.

பருப்புப் பொடி கொடுங்கள். துவரம்பருப்பு 200 கிராம், பொட்டுக்கடலை 100 கிராம், மிளகாய் 12, மிளகு, சீரகம் ஒவ்வொரு டீஸ்பூன், பெருங்காயம். துவரம்பருப்பைச் சின்னத் தீயில் கால் மணி நேரம் வறுக்க வேண்டும். ஒன்றைக் கடித்தால் நடுவிலும் மொறுமொறுப்பு இருக்க வேண்டும். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்தது, சூடு ஏறினால் போதும். முழுக்க ஆறிய பிறகே அரையுங்கள். சூட்டோடு அரைத்தால் ஆவி வேர்த்துப் பொடி கட்டியாகும். பூண்டு சேர்த்தால் மணம் அருமை, ஆனால் ஒரு மாதம் வரும் பொடி பத்து நாளாகிவிடும். உப்பைக் குறைத்துப் போடுங்கள், பெரியவர்கள் தேவைக்குச் சேர்த்துக்கொள்வார்கள். 'வெல்லம் போட்டது சர்க்கரைக்கு ஆகும்' என்று சொல்லி உருண்டை கொடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், வெல்லமும் சர்க்கரைதான்.

பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறவைத்து அழகான பாட்டிலில் தரலாமா?
– வாசகி, லாஸ்பேட்டை

கூடாது. காற்றுப் படாத எண்ணெய்க்குள், புளிப்பும் இல்லாத பூண்டில், பொட்டுலினம் என்ற நச்சை உண்டாக்கும் கிருமி வெளியில் வைத்தாலே வளரும். நிறம், மணம், ருசி எதுவும் காட்டிக்கொடுக்காது. பாட்டிலில்தான் தர ஆசையென்றால், உப்பும் புளிப்பும் நிறைந்த எலுமிச்சை ஊறுகாய் போடுங்கள்.

பிரான்ஸில் இருக்கும் மகளுக்கு, ஊர் போகிறவரிடம் கொடுத்தனுப்ப எது சரி?
– வாசகர், முத்தியால்பேட்டை

பால்கோவா, நெய், உப்புக்கண்டம் (உப்பிட்டுக் காயவைத்த இறைச்சி), இவை வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் தடை வைத்திருக்கிறது, பிடித்தால் குப்பைத்தொட்டிக்குத்தான். இறைச்சி கலக்காத கேக், பிஸ்கட், மிட்டாய் வகைகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே கலகலா, விவிகம், கடலை உருண்டை போகலாம். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். கட்டாக வைத்து அனுப்பாதீர்கள். ஊறுகாயைக் கைப்பையில் வைக்க வேண்டாம். பெரிய பெட்டியில், இரண்டு உறை போட்டு.

எதில் கட்டிக் கொடுப்பது? அட்டைப் பெட்டிக்கே பாதிச் செலவாகிறது.
– வாசகி, பாகூர்

அட்டைப் பெட்டி ஈரத்தைத் தடுக்காது. அதற்குக் கொடுக்கும் காசு பார்வைக்கு மட்டும். வீட்டில் சேர்ந்துள்ள ஹார்லிக்ஸ், காபித்தூள் பாட்டில்களே போதும். வெந்நீரில் அலசி, மூடி போடாமல் ஒரு ராத்திரி கவிழ்த்து வையுங்கள். காலையில் உள்ளே பனித்திருந்தால் ஹேர் டிரையரால் இரண்டு நிமிடம் ஊதினால் காய்ந்துவிடும். ஊறுகாய் இருந்த பாட்டிலின் மூடியில் வாசனை தங்கும், இனிப்புக்கு வேண்டாம். பலகாரம் கைக்குக் குளிர்ந்த பிறகே உள்ளே போக வேண்டும். இளஞ்சூட்டில் அடைத்தால் மூடியின் உள்ளே வேர்த்து, அந்தத் தண்ணீரே சொட்டும். வாய்வரை நிரப்புங்கள், காலி இடம் என்றால் ஈரக்காற்று. மேலே பழைய புடவைத் துண்டு ஒன்று, நூல் கட்டு, ஒரு சீட்டு. அதில் வாழ்த்தை எழுதும் முன் மூன்றை எழுதுங்கள்: செய்த தேதி, எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும், முட்டை, கடலை, ரம் எது சேர்ந்திருக்கிறது என்பது.