கார் பைத்தியங்களுக்கு எலெக்ட்ரிக் காரைக் கண்டால் ஏன் பிடிப்பதில்லை? நீங்கள் மாறிய பிறகு என்ன நினைக்கிறீர்கள்?

முழுசாக மாறிவிட்டேன் என்று சொல்ல முடியாது. கோவையில் என் வீட்டு வாசலில் இப்போது இரண்டு கார் நிற்கிறது. ஒன்று 2008-ல் வாங்கிய ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 பெட்ரோல். இன்னொன்று ஒன்றரை வருடத்துக்கு முன் வாங்கிய எலெக்ட்ரிக். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் கீழே அந்தச் சண்டைதான் நடக்கும், நீங்கள் கேட்ட கேள்வி காணாமல் போய்விடும்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எலெக்ட்ரிக் காரில் "பிக்கப் இல்லை" என்று யாராவது சொன்னால் அவர் அதை ஓட்டிப் பார்க்காதவர். என் ஃபியஸ்டா மாதிரிப் பெட்ரோல் இன்ஜின் தன் முழு டார்க்கை, அதாவது சுழற்றும் இழுவையை, கொடுக்க மூவாயிரம், நாலாயிரம் ஆர்.பி.எம். பக்கம் ஏற வேண்டும். மின் மோட்டாருக்கு அந்தக் காத்திருப்பே கிடையாது, நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை. சிக்னலில் பச்சை விழுந்ததும் காலை வைத்தால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். 100 கி.மீ. வேகத்தைத் தாண்டிய முதல் காரே 1899-ல் ஓடிய எலெக்ட்ரிக் கார்தான். அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயத்தில் 156 வளைவுகளை 2018-ல் ஃபோக்ஸ்வேகனின் ஐ.டி. ஆர் 7 நிமிடம் 57 விநாடியில் ஏறி முடித்தது. அதற்கு முன் எட்டு நிமிடத்துக்குள் யாரும் ஏறியதில்லை. உச்சி 4,300 மீட்டர். மேலே போகப் போகக் காற்று மெலிந்து இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். மோட்டார் மூச்சே விடுவதில்லை.

ஆக வேகத்தில் நாங்கள் தோற்றாகிவிட்டது. அப்புறம் என்ன வருத்தம்?

வால்பாறைக்குப் போவோம். ஆழியாறு தாண்டியதும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஃபியஸ்டாவில் விடிகாலை ஐந்தரைக்கு அங்கே இருப்பேன். மூன்றாவது கியரில் வந்து, வளைவுக்கு முன் பிரேக்கை முன்பாதத்தால் அழுத்திக்கொண்டே குதிகாலைச் சாய்த்து ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்டி, ரெவ்வை, அதாவது இன்ஜின் சுற்றும் வேகத்தைத் தூக்கி, இரண்டாவதில் போட்டு, க்ளட்சை விடும்போது கார் ஒரு துளிகூடக் குலுங்கக் கூடாது. சரியாக விழுந்தால் சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வரும். தப்பாக விழுந்தால் மூக்கு முட்டுகிற மாதிரி ஒரு குலுக்கல். நாற்பது வளைவில் பத்து சரியாக விழுந்தாலே அன்றைக்கு நல்ல நாள். பதினேழு வருடமாக ஓட்டுகிறேன், நாற்பதும் சரியாக விழுந்த நாள் இன்னும் வரவில்லை.

அதே சாலையில் எலெக்ட்ரிக் காரில் போனேன். ஏறியது. அவ்வளவுதான். நாற்பது வளைவும் ஒரே மாதிரி, பிசிறில்லாமல், என் உதவி எதுவும் தேவைப்படாமல். ஒன்பதாவது வளைவுக்குக் கொஞ்சம் மேலே வரையாடு ஒன்று நடுரோட்டில் முதுகைக் காட்டி நின்றது. பெட்ரோல் காராக இருந்தால் நான் இரண்டு வளைவு கீழே வரும்போதே ஓடியிருக்கும். இப்போதோ நான் வந்ததையே அந்த ஆடு கவனிக்கவில்லை. அது தானாகத் திரும்பிப் பார்க்கும் வரை ஜன்னலை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. அந்த ரோட்டில் தண்ணீர் சொட்டும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இறங்கும்போது அட்டகட்டியில் 49 சதவீதம் இருந்த சார்ஜ் ஆழியாறில் 52 ஆகியிருந்தது. மலையிறங்கினால் டேங்க் நிரம்புகிற காரை யார் வெறுக்க முடியும்? பின் சீட்டில் மனைவி மட்டும் பிளாஸ்டிக் கவரைக் கையில் வைத்திருந்தாள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே கார் தானாகப் பிரேக் பிடித்து, அந்த ஆற்றலைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்புகிற ரீஜெனை நான் முழு அளவில் வைத்து ஓட்டியிருக்கிறேன். "பதினேழு வருஷம் கியர் போட்டு வராத வாந்தி, கியரே இல்லாத காருல வருது" என்றாள். ரீஜெனைக் குறைத்து வைத்ததும் சரியாகிவிட்டது. இப்போது அவினாசி ரோட்டு டிராஃபிக்கில் அவளுக்கு எலெக்ட்ரிக் கார்தான் வேண்டும், ஃபியஸ்டா சாவியைத் தொடுவதே இல்லை.

ஒரு கணக்கு சொல்கிறேன், இதைப் போட்டுப் பார்த்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. என் எலெக்ட்ரிக் காரின் பேட்டரி 40 யூனிட். முந்நூறு கிலோவை ஒட்டிய எடை. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அதாவது அந்த முந்நூறு கிலோ பெட்டி முழுக்க இருப்பது நாலரை லிட்டர் பெட்ரோலின் சரக்கு. காரின் கனம், வளைவில் அது காட்டும் மந்தம், எங்கள் ஆட்கள் புலம்புவதெல்லாம் இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அந்த நாலரை லிட்டர் சரக்கை வைத்து அது 280 கி.மீ. போகிறது. என் ஃபியஸ்டாவுக்கு நாலரை லிட்டர் ஊற்றினால் ஊருக்குள் ஐம்பத்து நாலு கி.மீ. மிச்சமெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாகப் போய்விடுகிறது. நான் இத்தனை வருடம் இசை என்று கேட்டுக்கொண்டிருந்தது பெரும்பாலும் வீணாகிற சூட்டின் சத்தம். தெரிந்த பிறகும் கேட்கப் பிடிக்கிறது, என்ன செய்ய?

இனி மெக்கானிக் அண்ணன் கதை. சிங்காநல்லூர் பக்கம் பட்டறை வைத்திருக்கிறார். ஃபியஸ்டாவை அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை. இன்ஜினில் ஏதாவது சத்தம் என்றால் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். பத்து விநாடி. "டேப்பெட் இல்ல தம்பி, ஆல்டர்னேட்டர் பேரிங்" என்பார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. எலெக்ட்ரிக் காரை முதன்முதலில் அவரிடம்தான் கொண்டுபோய்க் காட்டினேன். பானட்டைத் திறந்தார். பழக்கத்தில் கை ஆரஞ்சு நிற ஒயர் பக்கம் போனது.

"அண்ணா, ஆரஞ்சைத் தொடாதீங்க. ஹை வோல்டேஜ்."

கையை இழுத்துக்கொண்டார். வேட்டி நுனியில் துடைத்தபடி கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுல நான் எதைத் தம்பி கேக்கறது?" என்றார். ஆயில் இல்லை, பிளக் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை. "பிரேக் பேடாவது தேயுமா?" ரீஜென் இருப்பதால் அதுவும் மெதுவாகத்தான் தேயும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேயும் அண்ணா என்றேன்.

அன்று இரவு நானும் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டேன். எலெக்ட்ரிக் காருக்கு ஆன்மா இல்லை என்று சொல்லும் கட்சி. இரண்டு வாரம்கூட நீடிக்கவில்லை. கட்சியைக் கலைத்தவர் என் அப்பா.

அப்பா கோவை கணபதி பகுதியில் முப்பத்தைந்து வருடம் மோட்டார் ரீவைண்டிங் செய்தவர். காயில் கட்டுவது என்று சொல்வோம். எரிந்துபோன கிணற்று மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி, புதிதாகச் சுற்றி, வார்னிஷில் முக்கி எடுப்பார். சின்ன வயதில் அப்பா வீட்டுக்கு வருவதை அந்த வார்னிஷ் வாடைதான் சொல்லும். என் கார்ப் பைத்தியம் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஃபியஸ்டா வாங்கிய அன்று "எத்தனை பேர் உக்காரலாம்?" என்று மட்டும் கேட்டவர். செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்குக்கு ஒருமுறை கூட்டிப்போனேன், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பேப்பர் படித்தார்.

எலெக்ட்ரிக் கார் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து ஒருநாள் சாயங்காலம் தானாக வந்து பக்கத்தில் நின்றார்.

"மோட்டாரு எத்தனை ஹெச்.பி.?"

"நூத்தி முப்பதுங்கப்பா."

கணக்குப் போட்டார். "இருவத்தாறு கெணறு" என்றார். எங்கள் ஊர் கணக்கில் ஒரு கிணற்றுக்கு 5 ஹெச்.பி.

"டி.சி.யா ஏ.சி.யா?"

பேட்டரி டி.சி., நடுவில் இன்வெர்ட்டர் ஒன்று இருந்து மூன்று ஃபேஸ் ஏ.சி. ஆக்குகிறது, வேகத்துக்குத் தகுந்த மாதிரி ஃப்ரீக்வென்சியை மாற்றுகிறது என்றேன். "மில்லுல போடற டிரைவ் மாதிரி" என்று அவரே முடித்தார். காலை எடுத்தால் சார்ஜ் ஏறுகிற விஷயத்தை விளக்க ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். "மோட்டாரைச் சும்மா சுத்தினா கரண்ட் வருமில்ல? அதானே. இது நம்ம மோட்டாருடா!"

நம்ம மோட்டார். இந்தியாவில் செய்த முதல் மின் மோட்டார் 1937-ல் கோவையில்தான் உருவானது என்பார்கள். அந்த ஊரில், காயில் கட்டுபவர் வீட்டில் பிறந்து, காருக்கு இன்ஜின் மட்டுமே உயிர் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். அப்பா குனிந்து காரடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல பேரிங் சத்தம் ஒண்ணுதான் வரும். வந்தா நான் சொல்றேன்" என்றார். பேரிங்கை எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துத்தானாம்.

அதனால் "ஆன்மா இல்லை" என்ற பேச்சை இப்போது நான் பேசுவதில்லை. என் காது பழகிய சத்தம் அதில் இல்லை, அவ்வளவுதான். ஆனால் மெக்கானிக் அண்ணன் கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. அப்பாவுக்குப் புரிந்தது என்பதற்காக அண்ணன் பிழைப்பு சரியாகிவிடாது. அந்த ஆரஞ்சு ஒயரைத் தொட அப்பாவையும் யாரும் விடப்போவதில்லை.

கம்பெனிகளுக்கும் எங்கள் புலம்பல் கேட்டிருக்கிறது. ஹூண்டாயின் ஐயானிக் 5 என் என்ற எலெக்ட்ரிக் காரில் கியர்பாக்ஸே கிடையாது, ஆனால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள, கியர் மாற்றும் பேடிலைத் தட்டினால் எட்டு கியர் மாறுவது போலக் குலுங்கும், ஸ்பீக்கரில் இன்ஜின் உறுமும். முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பிரிட்டனின் டாப் கியர் பத்திரிகை அதையே 2023-ன் சிறந்த கார் என்றதும் சிரிப்பு நின்றது. கச்சேரி மேடையில் தம்புரா இருந்த இடத்தில் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி உட்காரவில்லையா என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். சரியாகப் பொருந்தவில்லை. சுருதிப் பெட்டி இல்லாவிட்டால் பாட்டுக்குக் கஷ்டம். இந்தப் பொய் கியர் காருக்கு எதற்கும் வேண்டாம், எனக்குத்தான் வேண்டும்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். ஃபியஸ்டாவுக்குக் கி.மீ.க்கு எட்டு ரூபாய்க்கு மேல், எலெக்ட்ரிக்குக்கு வீட்டு கரண்டில் ஒன்றரை ரூபாய் அளவில். இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது, அது தனி வயிற்றெரிச்சல். வெளியூரில் சார்ஜர் வேலை செய்யாமல் ஓட்டல் வாசலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்ததும் உண்டு.

போன மாதம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். தினமும் எலெக்ட்ரிக் காரையே எடுத்ததில் ஃபியஸ்டா மூன்று வாரம் அசையாமல் நின்றுவிட்டது. ஞாயிறு காலை சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். 1912-ல் காடிலாக் கார்களில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்து, கை வலிக்கக் கிராங்க் சுற்றும் வேலை ஒழிந்த பிறகுதான் பெட்ரோல் கார் அந்தக் காலத்து எலெக்ட்ரிக் கார்களை முழுசாக ஓரங்கட்டியது. அந்தச் செல்ஃப் ஸ்டார்ட்டரும் ஒரு குட்டி மின் மோட்டார்தான். அன்றைக்கு என் காரில் அதற்குக் கரண்ட் இல்லை.

தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பசங்களைத் தள்ளக் கூப்பிட்டேன். அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்தார்.

"டேஷ்போர்டுல வெளக்கு எரியுதா?"

"மங்கலா எரியுதுங்கப்பா."

"அது போதும். ரெண்டாவதுல போடு. சரிவு வர்ற வரைக்கும் க்ளட்சை விடாதே."

ஐந்து பையன்களும் தள்ளினார்கள். பிள்ளையார் கோயில் தாண்டிச் சரிவு தொடங்கியதும் க்ளட்சை விட்டேன். கார் ஒரு குதி குதித்து, இருமி, பிறகு தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி உறுமியது. பசங்கள் கத்தினார்கள். கண்ணாடியில் பார்த்தேன். அப்பா ரோட்டு நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு காதையும் பொத்தியிருந்தார்.