பலம் கூடியது, பாய்ச்சல் ஏன் கூடவில்லை?

கேள்வி: கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கிறேன். பாடசாலைக் கரப்பந்தாட்ட அணியில் முன்வரிசையில் விளையாடுகிறேன். சில மாதங்களாக மணல் மூட்டையைத் தோளில் வைத்துக் குந்தி எழும்புகிறேன். முன்பைவிடக் கூடிய பாரம் தாங்குகிறேன். ஆனால் பாயும் உயரம் கூடவில்லை, சற்றுக் குறைந்தது போலவும் இருக்கிறது. எங்கே பிழை?

பதில்: தம்பி, பாதி வேலையை நன்றாகவே செய்திருக்கிறீர்கள். தசைக்குப் பலம் வந்துவிட்டது. அந்தப் பலத்தை எந்தக் கணத்தில் எந்த மூட்டில் செலவிடுவது என்பதுதான் உடலுக்கு இன்னும் பழகவில்லை. நெதர்லாந்து ஆய்வாளர்கள் பொபர்ட்டும் வான் சூஸ்டும் 1994இல் கணினி மாதிரி ஒன்றில் இதையே கண்டார்கள். தசைகளின் பலத்தைக் கூட்டி, அவை இயங்கும் நேரவரிசையைப் பழையபடி விட்டபோது பாய்ச்சல் குறைந்தது. நேரவரிசையையும் மாற்றிய பிறகே உயர்ந்தது.

தாழ்ந்த நிலையிலிருந்து நிலத்தை விட்டு எழ ஏறக்குறைய 0.3 செக்கன்தான் ஆகும். இடையில் யோசித்துத் திருத்த அவகாசமில்லை. முதலில் இடுப்பு விரியும், அடுத்து முழங்கால், கடைசியில் கணுக்கால். முழங்கால் பாதியளவு மடிந்திருக்கையில் கொஞ்சம் விரிந்தாலே உடல் நன்றாக உயரும். கால் நேராகிவரும்போது அதே விரிவுக்குக் கிடைக்கும் உயர்வு தேய்ந்துகொண்டே போகும். முற்றாக நேரானால் எதுவுமே கிடைக்காது. அதோடு, மூட்டு பின்பக்கம் வளைந்துவிடாமல் அந்த வேகத்தைத் தடுக்கவும் வேண்டும்.

இங்கேதான் கெண்டைக்கால் தசை கைகொடுக்கிறது. அது முழங்காலுக்குச் சற்று மேலே, தொடையெலும்பில் தொடங்கிக் குதிகாலில் முடிகிறது. அதாவது இரண்டு மூட்டுகளைக் கடக்கிறது. அது இறுகியிருக்கும்போது முழங்கால் நிமிர்ந்தால், கயிறு கட்டி இழுத்தது போலக் குதிகால் மேலே வரும். முழங்காலில் வீணாகியிருக்கும் சக்தி பாதத்தின் வழியே நிலத்தை உதைக்கிறது. இடுப்பில் பிட்டத் தசை தரும் பெரும் சக்தியின் ஒரு பங்கும் தொடையின் முன்தசையொன்றின் வழியாக இப்படியே முழங்காலுக்கு இறங்குகிறது.

இனி உங்கள் மணல்மூட்டைப் பயிற்சியைப் பாருங்கள். குதிகால் நிலத்திலேயே இருக்கிறது. நிமிர்ந்து முடியும்போது நீங்களே வேகத்தைக் குறைத்து நிற்கிறீர்கள். கைகள் மூட்டையைப் பிடித்திருக்கின்றன. பாய்ச்சலுக்கு வேண்டிய கடைசி உதைப்பும் கைவீச்சும் அதில் இல்லவே இல்லை.

விரலில் சுண்ணக்கட்டித் தூளைப் பூசிக்கொண்டு சுவரருகே நின்று பாய்ந்து, எட்டும் உயரத்தில் சுவரைத் தொட்டு அடையாளமிட்டுப் பாருங்கள். முதலில், குந்தி இரண்டு மூன்று செக்கன் நின்றுவிட்டுப் பாயுங்கள். அடுத்து, சடாரெனத் தாழ்ந்து நிற்காமல் பாயுங்கள். இரண்டாவது அடையாளம் மேலே இருக்க வேண்டும். தாழும் வேகத்தைத் தடுக்கும்போதே தசைகள் இறுகிவிடுவதால், மேலெழும் முதல் அங்குலத்திலிருந்தே முழு விசை கிடைக்கும். இரண்டும் ஒரே உயரமென்றால் நீங்கள் மெதுவாகத் தாழ்கிறீர்கள், அல்லது அடியில் தயங்குகிறீர்கள். கையை வீசாமல் மேலே நீட்டியபடியே பாய்ந்தும், கைகளை வீசிப் பாய்ந்தும் ஒப்பிடுங்கள். கைவீச்சு மட்டுமே 10 சதவீதமளவில் உயரம் தரக்கூடியது. 2.43 மீற்றர் வலைக்கு முன்னால் அது பெரிய காரியம்.

மூட்டையைக் கைவிட வேண்டாம். வாரம் இரண்டு நாள் போதும். அந்த நாட்களில் மூட்டையைத் தூக்குவதற்கு முன், கால் களைக்காதபோது, ஐந்தைந்தாக நான்கு முறை முழு வேகத்தில் பாயுங்கள். இடையில் இரண்டு நிமிடம் ஓய்வு கட்டாயம். களைத்த காலில் பாய்ந்தால் பிழையான நேரவரிசைதான் பழகும்.

முல்லைத்தீவுக் கடற்கரை மணல் முழங்காலுக்கு இதமானது. ஆனால் காலடியில் மணல் நழுவுவதால் உதைப்பின் நேரம் மாறிவிடும். போட்டி நெருங்கும்போது மைதானத்திலேயே பழகுங்கள். ஆடி, ஆவணியில் நம் கிரவல் மைதானங்கள் இறுகிக் கிடக்கும். எனவே முன்பாதம், பிறகு குதிகால் என இறங்கி, முழங்காலையும் இடுப்பையும் மடித்து, சத்தமில்லாமல் தரையைத் தொடுங்கள். முழங்கால்கள் உட்பக்கம் சாயக் கூடாது. முழங்காற் சில்லுக்குக் கீழே விரலால் அழுத்தும்போது வலித்தால், அங்குள்ள தசைநாண் தாங்க முடியாத பளுவைச் சுமக்கிறது என எண்ணிப் பாய்ச்சலைக் குறையுங்கள். ஓரிரு வாரத்தில் தணியாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.