ஒரு நிமிஷ ஓட்டத்துக்கு எந்த டயர்? கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் நம் பிள்ளைகள் தார்த்தளத்தில் கூம்பு வைத்து, நேரம் பார்த்து ஓட்டும் ஆட்டோகிராஸ் பற்றித்தான் இந்த முறை எல்லாக் கேள்வியும். நான் டயர் கடையில் வேலை பார்க்கிறவன், ஓட்டவும் செய்கிறேன். கேட்டவர்களில் பாதிப் பேர் "எது பெஸ்ட் டயர்?" என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். காரையும் சைஸையும் சொல்லாமல் கேட்டால் நான் என்ன சொல்வது? ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: உங்கள் சுற்று ஒரு நிமிஷம், மிஞ்சினால் கொஞ்சம் கூட. டயர் சூடேறுவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். கீழே நான் சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

குமரன், சாட்ஸ்வொர்த்: அண்ணே, என்னுடையது சிட்டி கோல்ஃப் கார், 13 அங்குல ரிம், 175/70 டயர். 17 அங்குல ரிம் மலிவாக வருகிறது. போடலாமா?

பார்க்க நன்றாக இருக்கும் தம்பி, ஓட்ட நன்றாக இருக்காது. கணக்குப் போட்டுப் பார். முதல் எண் டயரின் அகலம் மிமீயில், இரண்டாவது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம், ஆர் பக்கத்தில் இருப்பது ரிம் அங்குலம். 175/70ஆர்13 டயரின் மொத்த உயரம் சுமார் 575 மிமீ. 17க்கு எல்லோரும் போடும் 205/40 கிட்டத்தட்ட 596 மிமீ வரும். அதாவது மூன்றரை சதவீதம் பெரிய சக்கரம், கியர் அந்த அளவுக்கு நீண்டுவிடும், கூம்பைச் சுற்றி வந்து மிதிக்கும்போது வண்டி சோம்பல் முறிக்கும். ரிம்மும் கனம், ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினால் ஃபெண்டரில் உரசவும் உரசும்.

15 அங்குலத்துக்குப் போ. 195/50ஆர்15 உயரம் 576 மிமீ, உன் பழைய டயரோடு ஒரு மிமீ வித்தியாசம், ஸ்பீடோமீட்டர் கூட அப்படியே காட்டும். நாலு போல்ட், பிசிடி, அதாவது போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், 100 மிமீ என்பதால் பழைய ரிம் கிடைப்பதும் கஷ்டமில்லை. ஆறரை அல்லது ஏழு அங்குல அகலம் இருந்தால் டயர் பக்கவாட்டில் மடங்காமல் நிற்கும். இன்னும் துணிச்சல் இருந்தால் 195/45ஆர்15. அது 556 மிமீதான், கியர் குறுகும், வண்டி சுறுசுறுப்பாகப் புறப்படும், ஆனால் நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்தும்.

தேவன், ஃபீனிக்ஸ்: ரேஸ் டிராக்கில் ஓட்டும் ஒருவர் பழைய டோயோ ஆர்888ஆர் நாலு தருகிறார். ரேஸ் டயர் என்றால் கிரிப் அதிகம்தானே?

சூடானால் அதிகம். உங்களுக்கு அங்கேதான் இடிக்கும். அந்த மாதிரி செமி ஸ்லிக் டயர், அதாவது பள்ளம் குறைந்த ரேஸ் டயர், டிராக்கில் இரண்டு மூன்று சுற்று ஓடிய பிறகுதான் ஒட்ட ஆரம்பிக்கும். கூம்பு ஓட்டத்தில் முதல் திருப்பத்திலேயே கிரிப் வேண்டும்.

பக்கச்சுவரில் டிரெட்வேர், அதாவது தேய்மானம், என்று ஒரு எண் இருக்கும். 100 அடிப்படை, 200 என்றால் அதைப்போல இரண்டு மடங்கு உழைக்கும் என்று அர்த்தம். ஆனால் அந்த எண்ணைக் கம்பெனியே போட்டுக்கொள்கிறது, அதனால் இரண்டு கம்பெனி டயரை அதை வைத்து நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். அமெரிக்காவில் எஸ்சிசிஏ என்ற கார் கிளப் நடத்தும் சோலோ எனும் கூம்பு ஓட்டப் போட்டிகளில் ஸ்ட்ரீட் வகுப்புக்கு 200க்குக் கீழே கூடாது என்று விதி. அந்த விதியை ஒட்டித்தான் பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா ஏ052 போன்றவை பெயர் வாங்கின. எண் 200, ஆனால் குளிர்ந்த நிலையிலேயே ஒட்டும். ஹான்கூக் ஆர்எஸ்4உம் 200தான், அது சூடேறக் கொஞ்சம் நேரம் எடுக்கும், பதிலுக்கு நாள்பட உழைக்கும். இங்கே உங்கள் சைஸில் எது கிடைக்கிறது என்று கடையில் கேட்டுவிட்டு ஆசைப்படுங்கள். உங்கள் கிளப் விதியையும் ஒரு தரம் பாருங்கள்.

சரி, பழையதுதான் என்று முடிவு செய்தால் பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். அப்புறம் டிரெட் மேல், அதாவது தரையில் படும் ரப்பர் மேல், கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். நகம் பதிந்து, தடம் மெல்ல மேலே எழும்பினால் ரப்பரில் உயிர் இருக்கிறது. பிளாஸ்டிக்கை அழுத்துவது போல் நகம் வழுக்கினால், ஓரத்தில் நீலம் பாரித்த பளபளப்பும் இருந்தால், பலமுறை சூடாகி ஆறி இறுகிப்போன டயர் அது. டிரெட் எவ்வளவு ஆழம் இருந்தாலும் இலவசமாகக் கொடுத்தால்கூட வேண்டாம்.

சரோஜா, லெனேசியா: டர்பனில் காற்று சரியாக வைத்துவிட்டு ஊர் திரும்பினேன். இங்கே காற்றழுத்தம் பார்க்கும் கேஜில் கூடுதலாகக் காட்டுகிறது. கேஜ் கெட்டுவிட்டதா?

கேஜ் நன்றாகத்தான் இருக்கிறது அக்கா. கேஜ் காட்டுவது டயருக்கு உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை. உங்கள் லெனேசியா இருக்கும் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் 1,600, 1,700 மீட்டர் உயரம், அங்கே வெளிக்காற்று அழுத்தம் கடல்மட்டத்தைவிட சுமார் 0.18 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) குறைவு. கடற்கரையில் 2.0 வைத்தது மேலே ஏறினதும் 2.2க்குப் பக்கத்தில் காட்டும். கூடவே, ஒவ்வொரு 10 டிகிரி வெப்பத்துக்கும் ஏறக்குறைய 0.1 பார் ஏறும், இறங்கும். உங்கள் ஹைவெல்ட் மேட்டுநிலத்துக் குளிர்கால விடியலில் காற்று வைத்துவிட்டு மத்தியானம் ஓட்டினால் கணக்கு மாறிப்போகும். அதனால் எங்கே ஓட்டுகிறீர்களோ அங்கே, வரிசையில் நிற்பதற்குச் சற்று முன்னால் பாருங்கள், அது போதும்.

ரவி, டோங்காட்: முன்சக்கரம் இழுக்கும் வண்டி. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு நேராகவே போகிறது. டயரை மாற்றணுமா?

முதலில் காசு செலவில்லாத வேலையைப் பாருங்கள். டயரின் தோள்பகுதி, அதாவது டிரெட் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடம், அங்கே சாக்பீஸால் குறுக்கே மூன்று நாலு கோடு போடுங்கள். பெரும்பாலான டயரில் அந்த இடத்தில் ஒரு சின்ன முக்கோணக் குறி இருக்கும். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து குனிந்து பாருங்கள். கோடு முக்கோணத்தையும் தாண்டி அழிந்திருந்தால் டயர் மடங்கிப் பக்கச்சுவரில் ஓடுகிறது, காற்று ஏற்றுங்கள். முக்கோணத்துக்கு ரொம்ப மேலேயே நின்றுவிட்டால் காற்று அதிகம். ஒரு தரத்துக்கு 0.1 பார் மாற்றினால் போதும். ஒரே மூச்சில் முன்னும் பின்னும் மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

முன்பக்கம் சரியான பிறகும் மூக்கு வெளியே போனால் பின்டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டுங்கள், பின்பக்கம் சற்று இளகி வண்டி திரும்ப உதவும். வீட்டுக்குப் புறப்படும் முன் மறக்காமல் பழைய அளவுக்குக் கொண்டு வாருங்கள். இவ்வளவுக்கும் மசியாவிட்டால் அலைன்மென்ட் கடையில் கேம்பர், அதாவது சக்கரம் உள்ளே வெளியே சாய்ந்திருக்கும் கோணம், பார்க்கச் சொல்லுங்கள். அதற்கப்புறம்தான் புது டயர். இன்னொன்று, நிறையப் பேருக்கு இது டயர் பிரச்சனையே இல்லை, கூம்புக்கு வேகமாக வந்து லேட்டாக பிரேக் பிடிக்கிற பிரச்சனை. கோபித்துக்கொள்ளாதீர்கள் ரவி.

பிரேமா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்: எனக்கு ஒரே செட் டயர்தான். அதிலேயே ஓட்டி, அதிலேயே என்3 நெடுஞ்சாலை வழியாக வீடு திரும்பணும். மழை வந்தால்?

அப்படியானால் செமி ஸ்லிக் பேச்சே வேண்டாம் அக்கா. அதில் தண்ணீர் வெளியேறப் பள்ளம் குறைவு, கோடைமழையில் லாரிகளுக்கு நடுவே மலை ஏறும்போது டயர் தண்ணீர் மேல் மிதக்கும். நல்ல சாலை ஸ்போர்ட்ஸ் டயர் வாங்குங்கள், நேரத்தில் கொஞ்சம் போகும், போகட்டும். நம் நாட்டுச் சட்டப்படி டிரெட் 1 மிமீ இருந்தால் போதும், ஆனால் மழைக்கு அது போதவே போதாது, 3 மிமீக்கு வந்ததும் நான் மாற்றச் சொல்வேன். காய்ந்த தரையில் தேய்ந்த டயர் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மைதான், டிரெட் கட்டைகள் குட்டையாகி ஆட்டம் குறைவதால் அப்படி. அதை நம்பி மழையில் இறங்காதீர்கள்.

அசோக், வெருலம்: இரண்டு நல்ல டயர் வாங்கத்தான் காசு இருக்கு. முன்னாலா பின்னாலா?

காசு சேரும்வரை பொறுங்கள். முன்னால் புதுசு, பின்னால் வழுக்கை என்று போட்டால் ஈரத்தில் பின்பக்கம் சுழன்று உங்களையே திரும்பிப் பார்க்கும்.

ஜீவா, இசிபிங்கோ: நைட்ரஜன் அடைக்கலாமா?

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்த ராண்டுக்கு நல்ல கேஜ் வாங்கு.

சிவா, சாட்ஸ்வொர்த்: நானும் மச்சானும் ஒரே காரில் மாறி மாறி ஓட்டுகிறோம். மத்தியானத்துக்குமேல் நேரம் கூடிக்கொண்டே போகிறது, ஏன்?

இங்கே மட்டும் பிரச்சனை தலைகீழ். இரண்டு பேர் ஓட்டினால் டயருக்கு ஆற நேரமில்லை. டிசம்பர் வெயிலில் தாரும் கொதிக்கும், சீக்கிரம் ஒட்டும் டயர்தான் சீக்கிரம் வழவழத்தும் போகும். செடிக்கு அடிக்கும் கை ஸ்பிரேயர் ஒன்றில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இறங்கி மற்றவர் ஏறுவதற்குள் முன்டயர் இரண்டிலும், காரை மெல்ல உருட்டிக்கொண்டே, டிரெட் முழுக்க அடியுங்கள். ஒரே இடத்தில் ஊற்றினால் டயர் அங்கே மட்டும் ஆறும். கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கணும், சுடவும் கூடாது, சில்லென்றும் போய்விடக் கூடாது. ஈரம் காய்ந்த பிறகு புறப்படுங்கள்.