ஸ்பெயினில் வீடெடுத்துத் தங்கினால் பணம் மிஞ்சுமா?

கேள்வி: நானும் கணவரும் 11, 8 வயதுப் பிள்ளைகளும் மே மாதம் ஸ்பெயின் போகிறோம், 12 இரவு. விமான டிக்கெட் போக நாலரை லட்சம் வைத்திருக்கிறோம். பார்சிலோனா, வலென்சியா, செவில்லா, மாட்ரிட் நாலு ஊரிலும் அபார்ட்மென்ட் எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டால் மிச்சம் என்கிறார் கணவர். அங்கே போயும் நான் அடுப்படியிலா? நான் சைவம் வேறு. - வாசகி, கோவை

பதில்: கணவர் சொல்வது பாதி சரி. எல்லோரும் இரவு வாடகையை மட்டும் பார்க்கிறார்கள், சுத்தம் செய்யும் கட்டணம் என்று தனியாக ஒன்று வரும், அது இரண்டு இரவு தங்கினாலும் எட்டு இரவு தங்கினாலும் பெரும்பாலும் ஒரே தொகைதான். உதாரணத்துக்கு இரவுக்கு 110 யூரோ, சுத்தம் செய்ய 80 என்று வையுங்கள். இரண்டு இரவுக்குக் கணக்குப் போட்டால் ஓர் இரவு 150 ஆகிறது, எட்டு இரவுக்கு 120. நாலு ஊர், நாலு வீடு என்றால் அந்த 80-ஐ நாலு தடவை அழுவீர்கள், ரயில் செலவு வேறு.

நானாக இருந்தால் செவில்லாவையும் மாட்ரிட்டையும் அடுத்த தடவைக்குத் தள்ளிவிட்டு, பார்சிலோனாவில் நாலு இரவு ஹோட்டல், அப்புறம் மூன்று மணி நேர ரயிலில் வலென்சியா போய் எட்டு இரவும் ஒரே வீடு என்று வைத்துக்கொள்வேன். துணி துவைக்கும் மெஷின் இருக்கிற வீடாகப் பாருங்கள், பெட்டி பாதியாகக் குறையும். பார்சிலோனாவில் சுற்றுலா வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடித்துவிடப் போவதாக நகராட்சி அறிவித்திருக்கிறது, கெடுபிடியும் அதிகம். எந்த ஊரானாலும் உரிம எண் போடாத விளம்பரத்துக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். காலையும் இரவும் வீட்டில், மதியம் வெளியே. ஸ்பெயினில் வேலை நாட்களில் மதியம் 'மெனு தெல் தியா' என்று ஒன்று உண்டு: முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, குடிக்க ஏதாவது, கடைசியில் இனிப்போ காபியோ, எல்லாம் சேர்த்து ஒரே விலை. அதே கடையில் இரவு தனித்தனியாகக் கேட்டால் பில் எகிறும். மதியம் என்றால் நம் ஊர் மதியம் இல்லை, ஒன்றரைக்கு மேல்தான், பிள்ளைகளுக்குப் பையில் ஏதாவது வைத்திருங்கள். குழாய்த் தண்ணீர் கேளுங்கள், 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசமாகத் தர வேண்டும். பருப்புக் கூட்டு மாதிரித் தெரிவதிலும் சொரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சி கிடக்கும், நீங்கள் கேட்டுவிட்டே சாப்பிடுங்கள். தோர்த்தியா என்ற உருளைக்கிழங்கு ஆம்லெட் பெரும்பாலும் பயமில்லை, முட்டை சாப்பிடுவீர்கள் என்றால்.

இரவுக்கு வலென்சியாவின் மத்தியச் சந்தையில் தக்காளி, சீஸ், ரொட்டி, பழம். மதியம் மூன்று மணிக்கே மூடிவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை. இதற்கு அடுப்பே வேண்டாம், உங்கள் கேள்விக்கும் அதுதான் பதில்!

விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்புகிற புக்கிங் மட்டும் செய்யுங்கள், நூறு யூரோ கூடப் போனாலும் பரவாயில்லை. விசாவுக்கே பெரியவர்களுக்குத் தலைக்கு 90, பிள்ளைகளுக்கு 45, ஆக 270 யூரோ போகும், சேவைக் கட்டணம் தனி. கடையில் கார்டு மெஷின் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தை அவர்கள் வைப்பார்கள்.