வண்டி ஓடும்போது போன் போடுவது யார்?

ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிற இடமெல்லாம் முதலாளிகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இவங்க போனைத் தொடாம இருக்க என்ன வழி?" இந்த முறை வந்த கேள்விகளிலும் அதுவே அதிகம்.

கேள்வி: மருந்து மொத்த வியாபாரம் செய்கிறேன். 6 குட்டியானை வண்டிகள் ஓடுகின்றன. டிரைவர்கள் எல்லாருக்கும் ப்ளூடூத் ஹெட்செட் வாங்கிக் கொடுத்துவிட்டேன். இனி பயமில்லைதானே? (ஈரோடு)

நல்ல எண்ணத்தில் செய்திருக்கிறீர்கள். ஆனால் ஆபத்து அப்படியேதான் இருக்கிறது. கனடாவின் டொராண்டோவில் விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் போன் பதிவுகளை எடுத்துப் பார்த்த ஆய்வு 1997-இல் வெளியானது. போன் பேசும் நேரத்தில் விபத்து நடக்கும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு என்று தெரிந்தது. போனைக் கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அதனால் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை.

அப்படியென்றால் பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசுவதும் தப்பா என்று கேட்பீர்கள். அவர் கண்ணும் ரோட்டில்தான் இருக்கிறது. முன்னால் போகிற பஸ் சட்டென்று பிரேக் போட்டால் அவர் பேச்சு தானாக நின்றுவிடும். போனில் இருப்பவருக்கு அந்த பஸ் தெரியாது, "பில் நம்பர் என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பில் நம்பரை நினைவுபடுத்த 3 விநாடி ஆகிறது என்று வையுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அதற்குள் 50 மீட்டர் போயிருக்கும்.

சில மாதங்களுக்கு முன் பெருந்துறையிலிருந்து சங்ககிரி வரை ஒரு சரக்கு வண்டியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். வழியில் 11 அழைப்பு. 9 அவருடைய கம்பெனியிலிருந்தே வந்தவை. பவானி தாண்டியதும் ஒன்று: "எங்கப்பா இருக்க, லோடு எப்ப இறங்கும்?" அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். எதிரே ஓரத்தில் ஒரு லாரி, பாதி ரோட்டில் நிற்கிறது. அவர் கண் நேராக அதன் மேல்தான் இருந்தது, ஆனால் லாரி அவர் மனசில் பதியவே இல்லை. நான் "அண்ணே!" என்று கத்திய பிறகுதான் ஸ்டியரிங் திரும்பியது. அவர் காதில் இருந்ததும் ப்ளூடூத்தான். அந்த அழைப்பை அவர் போடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஹெட்செட்டுகளைத் திரும்ப வாங்கிவிடுங்கள். வண்டி நின்றால்தான் போன் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். அதே விதியை ஆபீசுக்கும் வையுங்கள்.

கேள்வி: நான் டிஸ்பாட்ச் சூப்பர்வைசர். கஸ்டமர் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே, டிரைவரைக் கூப்பிடாமல் எப்படி? (திருப்பூர்)

"எங்கே இருக்கிறாய்" என்பதற்கு ஜிபிஎஸ் இருக்கிறது. வண்டியில் அது இல்லையென்றால், எந்தெந்த இடத்தில் நிறுத்தி அவரே கூப்பிட வேண்டும் என்று புறப்படும்போதே பேசிவையுங்கள். டோல்கேட் தாண்டி டீக்கடை, பங்க், இறக்கும் இடம், அவ்வளவு போதும். நிஜமாகவே அவசரம் என்றால் கூப்பிடுங்கள். முதல் வார்த்தை "வண்டி ஓடுதா?" என்று இருக்கட்டும். "ஆமா" என்றால் "நிறுத்திட்டுக் கூப்பிடு" என்று சொல்லி நீங்களே வையுங்கள். டிரைவரின் போனில், ஓட்டும்போது அழைப்புகளை ஒலிக்கவிடாத டிரைவிங் மோடு போட்டுவைத்தால் தொந்தரவு இன்னும் குறையும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் கம்பெனி கார் ஓட்டுகிறார். போனை எடுக்காவிட்டால் திட்டு விழுகிறது. எடுத்தால் போலீஸ் பிடிக்கிறது. என்ன செய்வது? (மதுரை)

உங்கள் கவலை நியாயமானது, அம்மா. போனைக் கையில் பிடித்தபடி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகவே வருகிறது. சட்டப்படி முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸையும் நிறுத்திவைக்க முடியும். திட்டுகிற மேலாளரின் லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகாது. வேலை நேரத்தில் விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு முதலாளிக்கும் வரும் என்பதை உங்கள் வீட்டுக்காரரைத் தன் வேலையிடத்தில் எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். தனியாகச் சொல்லத் தயங்கினால் நாலைந்து டிரைவர்கள் சேர்ந்து எழுதிக் கொடுக்கட்டும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் பதிலில் சொன்ன சரக்கு வண்டி டிரைவருக்கு வந்த 11 அழைப்பில் மீதி 2 வீட்டிலிருந்து வந்தவை. உங்கள் வீட்டுக்காரர் சாப்பிட நிறுத்தும் நேரம் கேட்டு வைத்துக்கொண்டு அப்போது பேசுங்கள்.

கேள்வி: பைக்கில் உணவு டெலிவரி செய்கிறேன். மேப் பார்க்காமல் முடியாதே? (சென்னை)

வழி பார்க்க அனுமதி உண்டு, தம்பி. கவனம் சிதறாத விதத்தில் வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரில் விதி வந்தது. ஹோல்டரில் மாட்டி, கிளம்பும் முன்பே முகவரியைப் போட்டுவிடுங்கள். குரல் வழிகாட்டல் போதும். அடுத்த ஆர்டர் சத்தம் கேட்டால் ஓரங்கட்டித்தான் தொட வேண்டும். ஒரு ஆர்டர் போனால் போகட்டும். ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிப் பேசுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வேன் டிரைவர்கள் ஓட்டிக்கொண்டே பன் சாப்பிடுகிறார்கள், ஸ்டியரிங் மேல் வைத்து ட்ரிப் ஷீட் எழுதுகிறார்கள். (ஸ்ரீபெரும்புதூர்)

ட்ரிப்புகளுக்கு நடுவே நேரமே விடவில்லை என்று தெரிகிறது. 5 மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் வேலை வாங்கக் கூடாது, அதற்குள் அரை மணி ஓய்வு தர வேண்டும் என்று 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. அட்டவணையை மாற்றுங்கள்.

கேள்வி: டிரைவரைப் பார்க்கிற மாதிரி கேபினில் கேமரா வைக்கலாமா? (கோவை)

வைக்கலாம். டிரைவர்களிடம் சொல்லிவிட்டு வையுங்கள். ஆனால் அதற்குச் செலவு செய்யும் முன் காசில்லாத ஒரு வேலை இருக்கிறது. போன வாரம் ஆபீஸ் போன்களிலிருந்து டிரைவர்களுக்குப் போன அழைப்புகளை கூப்பிட்டவர் பெயரோடும் நேரத்தோடும் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் ட்ரிப் ஷீட்டையோ ஜிபிஎஸ் பதிவையோ வைத்து, வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது போன அழைப்புகளைச் சிவப்பில் வட்டம் போடுங்கள். உங்கள் நம்பரையும் விடாதீர்கள். அப்புறம் அந்தத் தாளோடு ஒரு கூட்டம் போடுங்கள். டிரைவர்களைக் கூப்பிடும் முன், அந்த வட்டங்களுக்குள் யார் யார் பெயர் இருக்கிறதோ அவர்களை உட்கார வையுங்கள்.