முன்னாள் படைவீரர் சங்கத் தலைவரே பெண்களையும் பிற இனத்தவரையும் இழிவாகப் பேசினால் என்ன செய்வது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தோட்டப்புற ஊர் ஒன்றிலுள்ள சங்கக் கிளையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கிளைக் கூட்டத்துக்கு ஓய்வூதிய விவரம் கேட்க வந்த விதவையிடம் தலைவர் ஆபாசமாகப் பேசினார். ஓராங் அஸ்லி (மலேசியத் தீபகற்பத்தின் பழங்குடி) உறுப்பினரைக் "காட்டு ஆள்" என்றார். செயலாளரோ சிரித்து மழுப்பினார்.

முதலில் எழுத்தில் பதியுங்கள்: தேதி, சொன்ன வார்த்தைகள், உடனிருந்தவர்கள். கூட்டக் குறிப்பில் "கலகலப்பாக நடந்தது" என்று எழுதியிருந்தால், அடுத்த கூட்டத்தில் குறிப்பை ஏற்கும் முன்பே எழுந்து ஆட்சேபணை சொல்லி, அதையும் பதியச் சொல்லுங்கள். பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

ஆபாசப் பேச்சுக்குத் தனி வழி உண்டு. பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் 2022-இன் கீழ் அமைந்த தீர்ப்பாயத்தில் அந்த அம்மாவே புகார் செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மன்னிப்புக் கேட்கச் சொல்லவும், 2,50,000 ரிங்கிட் வரை இழப்பீடு விதிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. அவர் விரும்பாமல் நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். சிற்றூரில் வாய்ப்பேச்சு அவரைத்தான் முதலில் சுடும்.

இன இழிவுக்கு அப்படியொரு தீர்ப்பாயம் கிடையாது. சங்க விதிகளில் ஒழுங்கு நடவடிக்கை, சிறப்புப் பொதுக்கூட்டம் பற்றிய பிரிவுகளைத் தேடி, உறுப்பினர்களிடம் கையொப்பம் திரட்டுங்கள். தலைமையகத்துக்கும் எழுதுங்கள். விதியை மீறிக் கூட்டத்தைத் தட்டிக்கழித்தால் உங்கள் சங்கத்தைப் பதிவு செய்துள்ள அரசுப் பதிவாளரிடம் புகார் செய்யலாம்.

"நாட்டுக்காகப் போராடியவர்" என்று யாராவது தலைவருக்குப் பரிந்துவந்தால், மலாயா அவசரகாலத்தில் (1948–60) கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களை எதிர்த்துக் காட்டுக்குள் போரிட்ட செனோய் பிராக் படை ஓராங் அஸ்லியினருடையது என்று கூட்டத்திலேயே சொல்லுங்கள்.