‘நம்ம ஊர் மாதிரிதான்’ என்று சொல்லி விற்கும் மலேசியா

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. பத்தாவது தேறி, ஐடிஐயில் ஃபிட்டர் முடித்திருக்கிறான். மலேசியாவில் கம்பெனி வேலை, மாதம் 2,500 ரிங்கிட் சம்பளம் என்று பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் 1,60,000 ரூபாய் கேட்கிறார். முதலில் சுற்றுலாவாகப் போய், அங்கேயே பெர்மிட் அடித்துக்கொள்ளலாமாம். விசா வாங்க வேண்டும் என்று பாஸ்போர்ட்டை வாங்கிப் போயிருக்கிறார். “எல்லாம் தமிழ் ஆட்கள், நம்ம ஊர் மாதிரிதான்” என்கிறார். அது எப்படிப்பட்ட நாடு? நம்பி அனுப்பலாமா?
– ஒரு தாய், திருத்துறைப்பூண்டி வட்டம்

பதில்: அம்மா, பணம் கொடுத்தாயிற்றா இல்லையா என்று எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே ரசீது கேளுங்கள்.

‘நம்ம ஊர் மாதிரிதான்’ என்பது பாதி உண்மை. அதனால்தான் நம் பக்கத்தில் அது இவ்வளவு நன்றாக விலைபோகிறது. கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி என்ற புத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரை எழுதிக்கொடுத்தான். அவன் மகன் ராஜேந்திரன் 1025-இல் அதே கடாரத்தின் மேல் படையெடுத்தான். இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம்தான் அந்தக் கடாரம். வெள்ளைக்காரன் காலத்தில் ரப்பர் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கக் கங்காணிகள் நம் கிராமங்களுக்கு வந்தார்கள். முன்பணம் கொடுத்து, அக்கரையைப் பொன்னாக வர்ணித்துக் கப்பலேற்றினார்கள். 1938-இல் இந்திய அரசு அதைத் தடுத்தது. ரஜூலா கப்பலில் நாகையில் ஏறி பினாங்கில் இறங்கிய தாத்தா உங்கள் தெருவிலும் ஒருவர் இருந்திருப்பார். கங்காணிக்கு இப்போது சஃபாரி சட்டையும் வாட்ஸ்அப்பும் வந்திருக்கின்றன, அவ்வளவுதான். ஒரு வித்தியாசம், அன்றைக்கு அவன் முன்பணம் கொடுத்தான். இன்றைக்கு நம்மிடம் வாங்குகிறான்.

நாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். மலாயா 1957 ஆகஸ்ட் 31-இல் விடுதலை பெற்றது. 1963-இல் சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்து மலேசியா ஆனது. 1965-இல் சிங்கப்பூர் பிரிந்தது. பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல இரண்டரை மடங்கு, மக்கள்தொகையோ சுமார் 3.4 கோடிதான், நம்மில் பாதிகூட இல்லை. வெளியாட்களைக் கூப்பிடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஈயம், ரப்பர் என்று இருந்த நாடு இப்போது செம்பனை எண்ணெய், பெட்ரோலியம், பினாங்குப் பக்கத்து மின்னணுத் தொழிற்சாலைகள் என்று வாழ்கிறது. மலாய்க்காரர்களும் மற்ற மண்ணின் மக்களும் பெரும்பான்மை, அடுத்து சீனர்கள். இந்தியர்கள் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் தமிழர், ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன, முருகன் கோயில் இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் போலீஸ்காரர் பேசுவது மலாய், பெர்மிட்டில் எழுதியிருப்பதும் மலாய். பிடிபட்டால் ‘நம்ம ஊர்க்காரர்’ யாரும் வந்து நிற்க மாட்டார்.

சுற்றுலாவாகப் போய்ப் பெர்மிட் அடிப்பது என்று ஒன்று கிடையாது. வேலைக்குப் போகும் முறையே வேறு. அங்கே முதலாளி முதலில் அனுமதி வாங்க வேண்டும். அதை வைத்துத்தான் நம்மவர்கள் ‘காலிங் விசா’ என்று சொல்லும் தாள் வரும். அதோடு போய், அங்கே மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் பெர்மிட். பெர்மிட் அந்த முதலாளிக்கும் அந்த வேலைக்கும் மட்டுமே செல்லும். சுற்றுலாவாகப் போனவன் முதல் நாள் வேலைக்கு நின்றாலே குற்றம். தங்கும் நாளும் தாண்டினால் சட்டம் பேசுவது குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

உங்கள் மகன் பத்தாவது தேறியதால் இசிஎன்ஆர் பாஸ்போர்ட், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக நம் அரசின் கிளியரன்ஸ் தேவைப்படாத பாஸ்போர்ட், கிடைத்திருக்கும். ஏஜென்ட் இதைத்தான் “தம்பிக்கு எந்த கிளியரன்ஸும் வேண்டாம்” என்று பெருமையாகச் சொல்வார். அது இந்தியாவை விட்டுக் கிளம்புவதற்கான சலுகை. மலேசியாவில் வேலை செய்ய அது அனுமதி ஆகாது.

2,500 ரிங்கிட் என்கிறார். அங்கே 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எழுதச் சொன்னதும் பெரும்பாலும் பேச்சு மாறும். லெவி என்ற அரசுக் கட்டணத்தைச் சம்பளத்தில் பிடிப்போம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அதைக் கட்ட வேண்டியவர் முதலாளி.

இன்னொன்றை நான் எல்லோரிடமும் சொல்லிச் சலித்துவிட்டேன், உங்களுக்கும் சொல்கிறேன். மலேசியா ஒரே நிலம் இல்லை. கோலாலம்பூர், பினாங்கு எல்லாம் தீபகற்பத்தில். சபாவும் சரவாக்கும் தென்சீனக் கடலைத் தாண்டி போர்னியோ தீவில். அந்த இரண்டு மாநிலங்களும் 1963-இல் சேரும்போதே, யார் உள்ளே வரலாம் என்று முடிவுசெய்யும் குடிநுழைவு அதிகாரத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டன. கோலாலம்பூரில் பிறந்த மலேசியக் குடிமகனே சரவாக்கில் வேலை பார்க்கத் தனி அனுமதி வாங்க வேண்டும், நம் பிள்ளை எம்மாத்திரம்? நன்னிலம் பக்கத்துப் பையன் ஒருவன் திரும்பி வந்து பாஸ்போர்ட்டை என் மேஜையில் விரித்துக் காட்டினான். பெர்மிட் சிலாங்கூர் கம்பெனிக்கு. அதற்கு இரண்டு பக்கம் தள்ளி சரவாக்கின் வருகை முத்திரை. “பக்கத்துக் கிளைதான்” என்று சூப்பர்வைசர் அழைத்துப் போனது மிரி நகரத்துக்கு. விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பறந்தபோதுகூட அவனுக்குச் சந்தேகம் வரவில்லை, நாடு பெரிது என்று நினைத்துக்கொண்டானாம். பெர்மிட் கையில் இருந்தும் அங்கே அவன் கள்ள வேலைக்காரன். ஆகவே வேலை இடம் மிரி, கூச்சிங், பிந்துலு, சிபு, கோத்தா கினபாலு என்று இருந்தால் அந்த மாநிலத்தின் அனுமதித் தாள் வேண்டும். கோலாலம்பூர் தாளைக் காட்டினால் வாங்காதீர்கள்.

உங்கள் பக்கத்து ஊர்க்காரர் பதிவு பெற்ற ஏஜென்டா? ‘ஏஜென்டுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர்’ என்றால் அதுவே சட்டவிரோதம். பதிவு பெற்றவர் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். 1,60,000 எந்தக் கணக்கு? பதிவு எண்ணை மத்திய அரசின் இமைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் பார்க்கலாம். குறுவை அறுப்புக்கு நடுவில் ஒரு தாய் எந்த இணையத்தில் போய்ப் பார்ப்பாள் என்று கேட்காதீர்கள், நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தாலுகா அலுவலகச் சுவரில் எது எதற்கோ அறிவிப்பு ஒட்டுகிறவர்களுக்கு, 30,000 என்ற ஒரே ஒரு எண்ணை ஒட்டப் பசை கிடைக்கவில்லை. பிள்ளைகள் விமானம் ஏறுவது திருச்சியில், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைக் கவனிக்கும் மத்திய அரசு அதிகாரியான ‘புறப்படுவோர் பாதுகாவலரை’த் தேடிப் போக வேண்டியது சென்னைக்கு. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் அங்கேதான். இருந்தாலும் ஃபிட்டர் என்கிறீர்கள், மகனை அங்கே பதிந்துவைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக அந்தப் பாஸ்போர்ட். சுற்றுலாவாக 30 நாள் வரை போய்வர 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு மலேசியா விசாவே கேட்பதில்லை. சுற்றுலாவாகத்தான் அனுப்பப் போகிறார் என்றால், விசா வாங்க என்று பாஸ்போர்ட்டை ஏன் வாங்கினார்? இதை அவரிடமே கேளுங்கள், தனியாகப் போகாமல் உறவில் யாரையாவது கூட்டிக்கொண்டு. பதில் என்னவாக இருந்தாலும் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்காமல் அந்த வாசலை விட்டு நகராதீர்கள்.